விசைக்கு வைத்த சந்தனம்

செம்பூரில் நல்ல சந்தனம் கிடைக்காது, ஐயா. மாட்டுங்காவுக்குத்தான் போகவேண்டும். இங்கே ஸ்டேஷன் பக்கம் டப்பாவில் தூளாக விற்கிறார்கள். தண்ணீர் விட்டுக் குழைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். காய்ந்ததும் பொரிந்து உதிர்ந்துவிடும், வாசனை என்று பெயருக்கு ஏதோ வரும். நான் வீட்டில் கட்டையும் கல்லும் வைத்திருப்பவன். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு உட்கார்ந்து அரைத்து, ஒரு துளி பச்சைக் கற்பூரம் சேர்த்து எடுத்தால், அது பிடித்த இடத்தை மூன்று நாளைக்கு விடாது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் கண்டுபிடித்தது அதைத்தான். பூஜையில் வைத்த பதினேழு சாமான்களில் பதினாறில் பொட்டு உதிர்ந்து கிடக்க, ஒரு ரைபிளில் மட்டும் ஒட்டிக்கொண்டு மணத்தது என்று நேற்று சொன்னீர்களே, கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நல்ல மூக்கு உங்களுக்கு.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சுயம்பு. வயது நாற்பத்தொன்பது. சொந்த ஊர் நாங்குநேரிக்குத் தெற்கே. இருப்பது தாராவியில், மனைவி கோமதியம்மாளோடு. வேலை, செம்பூரில் கரீம் பாட்சாவின் துப்பாக்கி ரிப்பேர் கடையில் மேஸ்திரி. கரீம் பாட்சா மேலப்பாளையத்துக்காரர். லைசென்ஸ் அவர் பெயரில், கை என்னுடையது. அப்படித்தான் அவரே வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். பதினெட்டு வருஷம் அந்தக் கடையில் நின்றிருக்கிறேன், ஒருநாள் அவர் என்னிடம் முகம் சுளித்ததில்லை. அவர் போல ஒரு முதலாளி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும், ஐயா. அவர் செத்ததில் என் அளவுக்கு அழுதவர்கள் இல்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள்.

இந்த இரட்டை விசை விவகாரம் உங்களுக்குப் புரிந்தால்தான் மற்றது புரியும். சாதாரணத் துப்பாக்கியில் ஒரு விசை. அழுத்தி இழுத்தால் வெடிக்கும். அந்த இழுப்பில் கை ஆடும், குறி தப்பும். பழைய ஜெர்மன் ஒற்றைத் தோட்டா ரைபிள்களில் இரண்டு விசை வைத்திருப்பான். பின்விசையை முதலில் இழுக்கவேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், ஒன்றும் வெடிக்காது. ஆனால் உள்ளே வில் இழுபட்டு நிற்கும். அதற்கப்புறம் முன்விசையை இழுக்கவே வேண்டாம், விரலால் நினைத்தால் போதும். குறி பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கே தெரியாமல் குண்டு போய்விடும். இரண்டு விசைக்கும் நடுவில் மிளகைவிடச் சின்னதாக ஒரு திருகு இருக்கிறது. உள்ளே திருகினால் விசை லேசாகும், வெளியே திருகினால் கனக்கும். எவ்வளவு லேசு என்பதுதான் வித்தை. கால் திருகில் பாதி, அதில் பாதி. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆள்காட்டி விரலின் நுனிதான் சொல்லவேண்டும்.

பம்பாயில் அந்த விரல் என்னிடம் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. சீனாக்காரன் சண்டைக்கு அப்புறம் ஆபீஸ்காரர்களெல்லாம் ரைபிள் கிளப்பில் சேர்ந்தார்கள் அல்லவா, டிராம்பே மலையடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்திருந்தால் சிரிப்பாக இருந்திருக்கும். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் தயிர்சாத டப்பாவை வைத்துக்கொண்டு, குப்புறப் படுத்துச் சுடுவார்கள். அவர்களில் உண்மையாகவே சுடத் தெரிந்தவர் மாட்டுங்கா திருவேங்கடம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சூப்பரின்டென்டெண்ட். ஒரு பார்சி வீட்டிலிருந்து வாங்கிய ஜெர்மன் ரைபிள் அவருடையது. அந்த விசையை வருஷத்துக்கு ஒருமுறை நான் வைத்துக் கொடுப்பேன், அவர் வருஷத்துக்கு ஒரு கோப்பை வாங்குவார். பரிசு வாங்கும்போது மேடையிலேயே, இது சுயம்பு வைத்த விசை என்று சொல்லுவார். கோமதியம்மாளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வைத்தேன். அவள் வெயிலாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

விசையை வைத்தபின் அது நிற்கிறதா என்று பார்க்க எங்கள் கடையில் ஒரு வழி உண்டு. தோட்டா இல்லாத ரைபிளின் சுத்தியலை, அதாவது தோட்டாவின் அடியில் அறைந்து வெடிக்க வைக்கிற துண்டை, இழுத்து, பின்விசையை 'டிக்' வைத்து, நேராக நிமிர்த்தி, தோளில் வைக்கிற கட்டையின் அடியைப் பலகையில் மூன்று தட்டுத் தட்டவேண்டும். ஒரு சாண் உயரத்திலிருந்து. மூன்று தட்டுக்கும் சுத்தியல் விழாமல் நின்றால் விசை சரி. விழுந்தால் திருகைக் கொஞ்சம் வெளியே எடுக்கவேண்டும். அதிர்ச்சிக்கே விழும் விசை ஆளைக் கொல்லும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று பின்னால் வக்கீல் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வெயிலுமுத்து வந்து சேர்ந்தான். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவன், களக்காட்டுப் பக்கம். முப்பத்திரண்டு வயது, ஒல்லி, எதற்கும் ஒரு சிரிப்பு. என்னை அண்ணாச்சி என்பான். நல்ல வேலைக்காரன். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். அவனுடைய மனைவி பூமாரி தேங்காய் போட்டு மீன்குழம்பு வைத்தால் என் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி வந்துவிடும். எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் கிடையாது. நான் பொறாமைக்காரன் இல்லை, ஐயா. பொறாமைக்காரன் என்றால் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும்.

இந்த வருஷம் ஆடி மாதம் கிளப்பில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. நான் விசை வைத்துக் கொடுத்த ஒரு ரைபிள், தோளில் வைக்கும்போதே வெடித்துவிட்டது. குண்டு மண்மேட்டில் போய் விழுந்தது, யாருக்கும் ஒன்றுமில்லை. சுட்டவன் விரலை உள்ளே விட்டிருப்பான். நான் அப்படித்தான் சொன்னேன். கரீம் பாட்சாவும் அப்படித்தான் இருக்கும் என்றார். திருவேங்கடம் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்திருந்தேன், சயானில். காலில் ஒரு புண் ஆறவில்லை என்று கோமதியம்மாள் பிடுங்கி எடுத்ததால் போனேன். அவர் காலை விட்டுவிட்டு விரலைப் பிடித்து ஊசியால் குத்திக் குத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். சர்க்கரை வியாதி, விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்திருக்கிறது என்றார். நான் சிரித்துவிட்டேன். மரத்துப்போன விரலை வைத்துக்கொண்டு நான் செய்கிற வேலையை, மரக்காத விரலை வைத்துக்கொண்டு அவர் செய்யட்டும். நேற்று உங்கள் கான்ஸ்டபிள் கொதிக்கக் கொதிக்க டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர் துணியைச் சுற்றிப் பிடித்திருந்த கிளாஸை நான் வெறுங்கையால் வாங்கிக்கொண்டேன். அவர் அசந்துபோனார். தொழில்காரன் கை அப்படித்தான் இருக்கும்.

ஆவணி முடிகிற சமயம். மத்தியானம் சாப்பிட வெளியே போனவன், தூக்குச்சட்டியை மறந்துவிட்டேன் என்று பாதியில் திரும்பி வந்தேன். கடைக்குள் 'தக், தக்' என்று சத்தம். என் மேஜையில் வெயிலுமுத்து நின்றுகொண்டிருந்தான். நான் அன்று காலை முடித்து வைத்த ரைபிளை மூன்று தட்டுத் தட்டிப் பார்க்கிறான். இரண்டாவதில் விழுந்தது. திருகைக் கால் சுற்று வெளியே எடுத்தான், மறுபடி தட்டினான், நின்றது. எண்ணெய்த் துணியால் துடைத்து, நான் வைத்திருந்த மாதிரியே, அதே சாய்வில், அதே இடத்தில் வைத்தான். கரீம் பாட்சா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆடியிலிருந்து எத்தனை ஆச்சு என்று கேட்டார். எல்லாத்தையும் பாத்துட்டேன் என்றான்.

"அண்ணாச்சிக்குத் தெரியாண்டாம் மொதலாளி. தெரிஞ்சா அவிய மனசு விட்டுப் போவும்."

அவன் சொன்னது அவ்வளவுதான். கரீம் பாட்சா தலையை ஆட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது என்று நினைக்கிறேன்.

நான் வந்த வழியே திரும்பி ஸ்டேஷன் பாலத்தில் போய் நின்றேன். முதலில் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அப்புறம் பசி வந்தது, ஒரு வடாபாவ் வாங்கிச் சாப்பிட்டேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முதலாளியிடம் கோள் சொல்லி என் இடத்தைப் பிடித்திருந்தால்கூட, சரி, உலகம் இப்படித்தான் என்று விட்டிருப்பேன். பாவம் என்று பார்த்தான் பாருங்கள், அதை எங்கே கொண்டு வைப்பது? திருவேங்கடம் மேடையில் என் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவன் கீழே நின்று கைதட்டுவான். யாருடைய விசைக்குக் கைதட்டினான் என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. மறுநாளிலிருந்து நான் அவனிடம் முன்னைவிட அன்பாக இருந்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். கரீம் பாட்சா கடையில் பூஜை எப்படி என்று யாரும் கேட்பார்கள். அவர் தடுத்ததே இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொரியில் பொட்டுக்கடலை குறைவு என்று குற்றம் சொல்லுவார். வீட்டிலிருந்து அவர் மனைவி மதீனா பீவி வட்டலாப்பம் அனுப்புவார்கள். அரம், வைஸ், டிரில் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைப்போம். கிளப்காரர்களும் அந்த வாரம் தங்கள் ரைபிள்களைக் கடையில்தான் விட்டுவைப்பார்கள், பொட்டு வைத்து வாங்கிக்கொண்டு போக.

துப்பாக்கிக்குப் பொட்டு வைப்பதில் எங்கள் கடைக்கு ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொன்றையும் எடுத்து, தோட்டா அறையைத் திறந்து, காலி என்று எல்லோருக்கும் காட்டி, மூடி, அந்த மூடியின் இணைப்பின் மேலேயே சந்தனம் வைக்கவேண்டும். பொட்டு இருந்தால் காலி என்று அர்த்தம். அதன்பின் அன்று முழுக்க யாரும் எதையும் தொடமாட்டார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் முதல் வேலையாக ஒரு ரைபிளை எடுத்து மூன்று தட்டுத் தட்டுவோம். பொட்டுக் கலையாமல் தட்டவேண்டும், மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. சாமி பார்த்து மூடியதைத் திறந்து சந்தேகப்படுவதா? போலீஸ்காரரான உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படலாம். எங்களுக்கு அப்படிப் பட்டதில்லை, ஐயா. வைஸுக்கும் அரத்துக்கும் பொட்டு வைத்துப் பழகியவர்களுக்குத் துப்பாக்கி வேறாகத் தெரியாது.

அந்த மூன்று தட்டைத் தட்டுவது தலைமை மேஸ்திரி. பதினோரு வருஷமாக நான்தான் தட்டினேன். பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது கரீம் பாட்சா எனக்கு ஒரு புது வேட்டியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"வே சுயம்பு, இந்த வருசம் நீரு உக்காந்து பாரும். வெயிலு தட்டட்டும். குனிஞ்சு நிமிந்து உம்ம இடுப்பு என்னத்துக்கு ஆவும்."

என் இடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. அவருக்கும் அது தெரியும். அதற்கென்ன முதலாளி, அவன் சின்னவன், தட்டட்டும் என்றேன். வேட்டி நல்ல வேட்டி, கரை மட்டும் கொஞ்சம் அகலம்.

அன்று சாயங்காலமே குர்லாவில் வண்டி மாறி மாட்டுங்காவுக்குப் போய்ச் சந்தனக்கட்டை வாங்கிவந்தேன். அப்போது மனதில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் எழுதிக்கொள்வீர்களா? சரி, எழுதவேண்டாம்.

பூஜை நன்றாக நடந்தது. கடைக்கு வாங்கிய சந்தனம் டப்பாத்தூள், வெயிலுமுத்து வாங்கிவந்தது. அவன் ஒவ்வொரு துப்பாக்கியாகத் திறந்து காட்டி, மூடிப் பொட்டு வைத்தான். திருவேங்கடத்தின் ரைபிளை நடுவில் வைத்தோம். மறுநாள் தட்டப்போவது அதைத்தான், அதன் விசையை வைத்தது நான். எனக்குத் தெரியாமல் திருத்தியது அவன். கற்பூரம் காட்டிச் சாப்பிட்டு முடிந்ததும், பூஜை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மற்றவர்கள் திலக் நகரில் தெரிந்த வீடுகளுக்குப் பொரி கொடுக்கக் கிளம்பினார்கள். நான் இருக்கிறேன் என்றேன். நல்ல வெளிச்சமான மத்தியானம். பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டுப் போட்டிருந்தார்கள், நானும் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பூஜையில் வைத்த சாமானை அன்று தொடக்கூடாது. அந்த அளவுக்குப் பாவி நான் இல்லை. திருப்புளி எல்லாம் பொட்டோடு அப்படியே இருந்தன. வீட்டில் ஒரு ஆணியைத் தட்டி, முனையைச் சன்னமாக அரைத்து, மடியில் கொண்டுபோயிருந்தேன். அதைக்கொண்டு திருகினேன். அரைக்கால் சுற்று, அப்புறம் அதில் பாதி. முதல் தட்டில் விழக்கூடாது, இரண்டாவதிலும் விழக்கூடாது, மூன்றாவதில் விழவேண்டும். அப்படி ஒரு விசையை வைக்க இந்தியாவில் இன்னொருத்தன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாக்கை மடித்துப்போட்டு, சத்தமில்லாமல் தட்டிப் பார்த்தேன். ஒருமுறை இரண்டாவதில் விழுந்தது, ஒருமுறை நாலாவதில். கடைசிமுறை சரியாக மூன்றாவதில். கடைசியாக வருவதுதான் கணக்கு.

அப்புறம் திருவேங்கடம் ரைபிளோடு விட்டுப்போயிருந்த பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து உள்ளே வைத்து மூடினேன். ஏன் என்று நேற்று மூன்றுமுறை கேட்டீர்கள். சுத்தியல் சும்மா விழுந்தால் 'டக்' என்று ஒரு சத்தம்தான். வெயிலுமுத்து சிரித்துவிட்டு, கால் சுற்று வெளியே எடுத்துவிடுவான். அவன் சரி பார்த்த விசையும் விழும் என்று நாலு பேருக்குத் தெரியவேண்டாமா? தட்டும்போது காதைக் குழாய்ப் பக்கம் சாய்த்து, உள்ளே வில் முனகுகிறதா என்று கேட்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. அது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

மூடியைத் திறந்ததில் பழைய பொட்டு உடைந்து கொட்டிவிட்டது. கிண்ணத்தில் அந்தத் தூள் சந்தனம் மிச்சம் இருக்கத்தான் செய்தது. அதையே எடுத்து வைத்திருந்தால் இன்று நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்து பேசியிருக்கமாட்டோம். ஆனால் என் கையால் வைக்கிற பொட்டு, அந்தக் குப்பையையா வைப்பது? காலையில் அரைத்துச் சின்னச் செப்பில் கொண்டுவந்திருந்தேன். மோதிர விரலால் தொட்டு வட்டமாக வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். சாமிக்கு முன்னால் மட்டமான வேலை செய்ய எனக்கு வராது.

விஜயதசமி காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்தோம். மூன்று பேர்தான், முதலாளி, வெயிலுமுத்து, நான். புது வேட்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன், பூஜையில் வைத்த பொரியை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது. முதலாளி வழக்கம்போல் வாசலில். வெயிலுமுத்து ரைபிளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சுத்தியலை இழுத்தான், பின்விசை 'டிக்' என்றது. பலகையில் வைத்து, ஒரு சாண் தூக்கி, முதல் தட்டு. நின்றது. காதைச் சாய்த்து இரண்டாவது தட்டு. நின்றது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது, அது சந்தோஷத்தில் வியர்த்தது. அந்த இரண்டு தட்டுக்கு அது நின்ற நிற்பு இருக்கிறதே, டாக்டர் வந்து பார்த்திருக்கவேண்டும்.

அப்போது அவன் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவதைத் தட்டாமல் நிமிர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. ரைபிளை இரண்டு கையிலும் ஏந்தி என் பக்கம் நீட்டினான்.

"மூணாந்தட்டு அண்ணாச்சி தட்டட்டும் மொதலாளி. அவிய கை பட்டாத்தான் நமக்கு வருசம் நல்லாருக்கும்."

என்ன பிள்ளை பாருங்கள். நான் கேட்காமலே என் இடத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தான். எனக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது, நீயே தட்டு என்றேன்.

வாசலிலிருந்து கரீம் பாட்சா சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"இவிய ரெண்டு பேரும் உபசாரம் பண்ணி முடிய மத்தியானம் ஆயிரும். கொண்டா வெயிலு, நான் தட்டுதேன். கடைய வச்சிருக்கவன் ஒரு தட்டு தட்டக்கூடாதா?"

வாசலிலிருந்து பலகை வரை ஐந்து எட்டு. கரீம் பாட்சா கால் நீளமானவர், நாலில் வந்துவிட்டார். நாலு எட்டு என்பது குறைவான நேரம் இல்லை, ஐயா. ஒரு வார்த்தை சொல்லத் தாராளமாகப் போதும். சொல்லியிருக்கலாம். என் வாயில் பொரி இருந்தது. அது காரணம் இல்லை, நீங்கள் சிரிக்கவேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். முதல் எட்டில், வேண்டாம் முதலாளி என்று சொல்ல நினைத்தேன். இரண்டாவதில், சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று நினைத்தேன். மூன்றாவது, நாலாவது எட்டில் எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான் இருந்தது. மூன்றாவதில் விழுமா, விழாதா? பதினெட்டு வருஷம் அவர் உப்பைத் தின்றவன், அந்த நேரத்தில் அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

அவருக்கு இரண்டு வருஷமாகக் காது கொஞ்சம் மந்தம். வெயிலுமுத்து போல் தாமும் கேட்கவேண்டும் என்று குழாய்க்கு நேர் மேலே நன்றாகக் குனிந்துகொண்டார். குழந்தை மாதிரி ஒரு முகம். ஒரு சாண் தூக்கினார், தட்டினார்.

மூன்றாவதில் விழுந்தது.

கடைக்குள் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. சுவரில் இருந்த காலண்டர் கீழே விழுந்தது. விளக்கு அணையவில்லை. முதலாளியின் தொப்பி மேஜைக்கு அடியில் உருண்டு போயிருந்தது, நான்தான் எடுத்துத் துடைத்து வைத்தேன். வெயிலுமுத்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, காலின்னு நான் பாத்தேனே, காலின்னு பாத்தேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உங்கள் ஆட்கள் வந்தபோதும் அதையேதான் சொன்னான். பொட்டு வைத்தவன் அவன் என்பதால் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு ஒன்பது நாள். இடையில் நான் இரண்டு தடவை பூமாரியைப் போய்ப் பார்த்தேன். கோமதியம்மாள் சோறு கொடுத்துவிட்டாள். எல்லாம் சரியாகும், அண்ணாச்சி இருக்கிறேன் என்று பூமாரியிடம் சொன்னேன். மதீனா பீவியைப் பார்க்கவும் போனேன். அவர்கள் என்னைக் கண்டதும், உங்களைப் பற்றித்தான் அவர்கள் எப்போதும் பேசுவார்கள் என்று சொல்லி அழுதார்கள்.

நானாக வந்து சொல்லவில்லை என்று எழுதிவிடாதீர்கள். சந்தனத்தை மோந்து பார்த்து என் வீட்டுக் கல்லை எடுத்துவந்தது நீங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம். தாராவியில் சந்தனக்கல் இருக்கிற வீடு என் வீடு மட்டுமா? நான் வாயைத் திறந்தது வேறு காரணத்துக்காக. பெரிய ஆபீஸிலிருந்து வந்த அந்த நிபுணர், கோட்டுப் போட்டவர், ரைபிளைப் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்த காகிதத்தை நேற்று நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். இந்த விசை ஏதோ கத்துக்குட்டி வைத்தது, திருகு கண்டபடி உள்ளே போயிருக்கிறது, மூச்சுப் பட்டாலே விழுந்திருக்கும், இரண்டு தட்டுக்கு நின்றதே தற்செயல், கையில் எடுத்ததுமே வெடித்திருக்கவேண்டும் என்று. கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன்? வெயிலுமுத்து உள்ளே இருப்பதுகூட ஒரு பக்கம். என் வேலையைக் கத்துக்குட்டி வேலை என்று சர்க்கார் காகிதத்தில் எழுதி வைத்தால், அது எப்போதும் அப்படியே இருக்கும் அல்லவா?

ஆகவே இப்படி எழுதுங்கள். தோட்டாவை வைத்தது சுயம்பு. விசையை வைத்தது சுயம்பு. வெயிலுமுத்து சாகவேண்டும் என்றுதான் வைத்தேன். நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்று சற்றுமுன் சொன்னதெல்லாம் உங்களிடம் பேசப் பேச வந்தது. முதலாளி நடுவில் வந்தார், நான் தடுக்கவில்லை. இத்தனைக்கும் கீழே கைநாட்டு வேண்டுமானாலும் வைக்கிறேன், கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். ஆனால் அந்தத் தற்செயல் என்கிற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். மூன்றாவது தட்டு என்று வைத்தேன், மூன்றாவது தட்டில் விழுந்தது. விரல் மரத்தவன் கையில் அப்படி வருமா?

நிபுணர் சொல்வதில் உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தால், பக்கத்து அறையில்தானே வெயிலுமுத்து இருக்கிறான், கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் விஷயம் தெரிந்தவன். என் கையைப் பற்றி அவன் யாரிடமும் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை.